தவமணி ஷாஃப்ட்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, லண்டன் குட்மேய்ஸில் என் வீட்டுச் சமையலறையில் நான் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. ஓய்வு பெற்றவனுக்கு வரும் அழைப்புகள் இரண்டே வகை. ஒன்று, கூரையில் சோலார் தகடு பூட்டச் சொல்லி வருவது. மற்றது, யாரோ செத்துப்போன செய்தி. இரண்டில் எதுவாக இருக்கும் என்று யோசித்தபடி எடுத்தேன்.

“அங்கிள், நான் நித்யா பேசறேன், வெம்பிளியிலிருந்து. நீங்க பார்லிமென்ட் பில்டிங்ல மெயின்டனன்ஸ்ல இருந்தீங்கன்னு சொன்னாங்க. ஒரு சந்தேகம் கேக்கலாமா?”

சென்னைப் பிள்ளை. கட்டடப் பொறியாளர். பாராளுமன்றம் கூடும் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையை அடியோடு திருத்த வேண்டும் என்று வருடக்கணக்காகப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள் அல்லவா, அதற்கு முன் சுவர்களுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்து அளக்கும் குழுவில் இவரும் இருக்கிறார்.

“கேளுங்கோ பிள்ளை.”

“இங்க ஃபிட்டர்ஸ் எல்லாம் ஒரு ஷாஃப்டை ‘டாவாமானி’, ‘டாவாமானி’ன்னு சொல்றாங்க. யாரோ இத்தாலிக்காரர் டிசைன் பண்ணினதுன்னு நினைச்சு ரெண்டு நாளா தேடறேன். யாருக்கும் தெரியல. வயசான ஃபிட்டர் ஒருத்தர்தான் உங்களைக் கேக்கச் சொன்னார்.”

எனக்குச் சிரிப்பு வந்த வேகத்தில் அகப்பை கீழே விழுந்துவிட்டது. “இத்தாலியும் இல்லை, ஒரு கோதாரியும் இல்லை பிள்ளை. அது தவமணி. சாவகச்சேரித் தவமணி. அங்கை துப்புரவு வேலை செய்தவ.”

“க்ளீனரா? அவங்க பேரு எப்படி அங்கிள் அங்க வந்துச்சு?”

தொலைபேசியில் சொல்லி முடிக்கிற கதையா அது? கத்தரிக்காய் வேறு கருகிவிட்டது. எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்தேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, தவமணியை எழுத வேண்டுமானால் முதலில் அந்தக் கட்டடத்தை எழுத வேண்டும். கட்டடத்தை எழுத வேண்டுமானால் ஹோல்ட் என்ற மனிதரை எழுத வேண்டும்.

நான் யாழ்ப்பாணத்தில் இயந்திரப் படிப்பை அரைகுறையாக விட்டுவிட்டு வந்தவன். பெட்ரோல் ஷெட், சுப்பர் மார்க்கெட், இரவு ஷிப்ட் என்று லண்டனில் எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் உள்ள அதே கதைதான் எனக்கும். அதைத் திருப்பிச் சொல்லி உங்களைக் கொட்டாவி விடவைக்க மாட்டேன். மாலை வகுப்புகளில் படித்து, சூடாக்கும் குழாய்கள், காற்றோட்டம் பற்றிய சான்றிதழ் ஒன்றை எடுத்தேன். அதைக் காட்டித்தான் அந்த அரண்மனைக்குள் ஃபிட்டராக நுழைந்தேன்.

நுழைந்தேன் என்று பெருமையாகச் சொன்னாலும், நாங்கள் நுழைந்தது நிலவறைக்குள். உல்லாசப் பயணிகள் பாலத்தில் நின்று படம் பிடிக்கும் மணிக்கூட்டுக் கோபுரமும், ஆற்றோரத்து மஞ்சள் கல் முகப்பும், கொத்துக் கொத்தாய் நிற்கும் சின்னக் கோபுரங்களும் மேலே உள்ள சங்கதிகள். கீழே நீராவிக் குழாய், அதன் மேல் தண்ணீர்க் குழாய், அதன் மேல் மின்கம்பி, அதன் மேல் தொலைபேசிக் கம்பி, அதற்கும் மேல் யாருக்கும் எதற்கென்று தெரியாத ஒரு கம்பி. ஒவ்வொரு தலைமுறையும் பழையதை அகற்றப் பயந்து, அதன் மேலேயே தன்னுடையதைப் போட்டுவிட்டுப் போயிருந்தது. முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, மாலையே ராஜினாமா கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

எங்கள் மேலாளர் ஹோல்ட். ஒல்லியான, நெட்டையான ஆங்கிலேயர். எல்லாரும் பெயர் சொல்லிக் கூப்பிடும் இடத்தில் அவரை மட்டும் எல்லாரும் ‘மிஸ்டர் ஹோல்ட்’ என்றார்கள். ‘நன்று’ என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதே இல்லை. உயிரைக் கொடுத்து ஒரு வேலையை முடித்தால், குனிந்து பார்த்துவிட்டு “பரவாயில்லை” என்பார். அந்தப் ‘பரவாயில்லை’க்காக நாங்கள் எல்லாரும் போட்டிபோட்டு அடிபட்டோம்.

புதிதாக வருகிறவர்களை அவர் முதலில் அழைத்துப்போகும் இடம் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம். பார்வையாளர்கள் வருவதற்கு முன், காலையில். அந்த அரண்மனையில் மிகப் பழைய பகுதி அதுதான். தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது. நடுவில் ஒரு தூண் கிடையாது. தலைக்கு மேலே ஓக் மரக் கூரை, மரத்துக்கு மரம் கைகொடுத்துத் தாங்கிக்கொண்டு நிற்கும். நான் வாயைப் பிளந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது ஹோல்ட் சொன்னார்: “சப்பாத்தைக் கழற்று.”

எனக்கு விளங்கவில்லை. வெள்ளைக்காரன் சப்பாத்தைக் கழற்றச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. கோயில் வாசலில் நிற்கிறவன்போல் கழற்றி ஓரமாக வைத்தேன்.

“காலுறையையும்.”

கழற்றினேன். கற்தளம் ஜில்லென்று ஏறியது.

“கால் என்ன சொல்கிறது?”

“குளிர்கிறது, சேர்.”

“குளிரட்டும். என்றைக்காவது இந்தக் கட்டடத்தில் ஒரு தளம் சூடாக இருந்தால், நீ அதை உனக்குள் வைத்துக்கொள்ளாதே. என்னிடம் வந்து சொல். ஓடி வராதே. நடந்து வா. ஓடுகிறவனுக்குத் தன் மூச்சைத் தவிர வேறொன்றும் மணக்காது.”

பிறகு அந்தக் கதையைச் சொன்னார். ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் அங்கே வேறொரு பழைய அரண்மனை இருந்தது. அரசாங்கக் கணக்கை வெட்டுக் குறி போட்டுப் பதிந்துவைத்த பழைய மரக்குச்சிகள் வண்டி வண்டியாகக் கிடந்தன. இனி வேண்டாம் என்று, பிரபுக்கள் சபையின் கீழிருந்த அடுப்புகளில் அவற்றைப் போட்டு எரிக்கச் சொன்னார்கள். வேலையாட்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் அள்ளி அள்ளிப் போட்டார்கள். அன்று மாலை சபையைச் சுற்றிப் பார்க்க இரண்டு பேர் வந்தார்கள். புகையில் சுவர்ச்சீலைகளே அவர்களுக்குத் தெரியவில்லை. சப்பாத்தின் அடி வழியாகச் சூடு ஏறியது. கூட்டிக்கொண்டு வந்த வீட்டுப் பொறுப்பாளர் அம்மாள், ‘கீழே வேலையாட்கள் ஏதோ எரிக்கிறார்கள்’ என்று சொல்லிவிட்டு, மாலையானதும் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றிரவு அரண்மனை எரிந்து போனது. காற்றுத் திசை மாறியதாலும், தீயணைப்பவர்கள் விடாமல் தண்ணீர் அடித்ததாலும் நாங்கள் நின்ற அந்த மண்டபம் மட்டும் தப்பியது.

“அந்த அம்மாள் கெட்டவர் இல்லை,” என்றார் ஹோல்ட். “மரியாதையானவர். யாரையும் சங்கடப்படுத்த விரும்பவில்லை. சரி, காலுறையைப் போடு.”

எரிந்த இடத்தில் எழுந்ததுதான் இன்று உலகம் பார்க்கும் கட்டடம். இதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. புதுக் கட்டடத்துக்குக் காற்று கொடுக்கும் பொறுப்பை ஒரு வைத்தியரிடம் கொடுத்தார்கள். அவருடைய திட்டம் பெரிய திட்டம். நல்ல காற்றைக் கோபுர உச்சியிலிருந்து இழுத்து, கீழே கொண்டுவந்து சூடாக்கி, சுவர்களுக்குள் மறைந்திருக்கும் ஷாஃப்டுகள் வழியாக ஒவ்வொரு அறைக்கும் அனுப்ப வேண்டும். ஷாஃப்ட் என்றால் வேறொன்றுமில்லை, சுவருக்குள்ளே கீழிருந்து மேலே போகும் பொந்து. கெட்ட காற்றெல்லாம் நடுவில் உள்ள எண்கோணக் கோபுரம் வழியாக வெளியே போக வேண்டும். அந்தக் கோபுரத்தைக் கட்டியதே அதற்காகத்தான். அழகுக்கு நிற்கிறது என்று நினைத்துப் படம் பிடிக்கிறீர்களே, அது ஒரு புகைபோக்கி ஐயா!

கட்டடக் கலைஞருக்கும் வைத்தியருக்கும் கீரியும் பாம்பும்போல. சண்டை முற்றி வைத்தியரை வெளியே அனுப்பினார்கள். அவர் போய்விட்டார், அவர் தோண்டிய பொந்துகள் போகவில்லை. பாதி கட்டியது, பாதி அடைத்தது, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வரைபடத்தில் இல்லாதது என்று சுவர்களுக்குள்ளே அவை பாட்டுக்கு இருந்தன. கீழே ஒரு மூலையில் தீப்பிடித்தால், அந்தப் பொந்து வழியாக நெருப்பு யாருக்கும் தெரியாமல் மூன்று மாடி ஏறிவிடும். ஹோல்ட் நித்திரை கொள்ளாமல் பயந்தது அதற்குத்தான். வேலை நேரத்தில் பாதியை அவர் அந்தப் பொந்துகளைத் தேடுவதில் செலவழித்தார்.

தேடுவதற்கு அவரிடம் ஒரு கருவி இருந்தது. சிகரெட் சுருட்டும் மெல்லிய தாள். புகைப்பதை எப்போதோ விட்டுவிட்டார். தாள் பக்கெட்டை மட்டும் சட்டைப்பையில் வைத்திருப்பார். ஒரு தாளை எடுத்து, இரண்டு விரலால் நுனியில் பிடித்து, சுவரோரமாக, மரப்பலகை இடுக்குகளில் மெதுவாகக் கொண்டுபோவார். மூச்சைப் பிடித்துக்கொள்வார். எங்களையும் பிடிக்கச் சொல்வார். தாள் எங்கே ஆடுகிறதோ அங்கே காற்று. காற்று உள்ள இடத்தில் பொந்து. நாங்கள் எல்லாரும் நின்று ஒரு துண்டுத் தாளை வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, ஒரு அமைச்சரே பயந்து வேறு வழியாகப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு ஷாஃப்டைக் கண்டுபிடித்தால் அதைக் கண்டுபிடித்தவரின் பெயரை அதற்கு வைப்பது எங்கள் வழக்கம். எண் இருக்கும், ஆனால் எண்ணை யார் சொல்வது? ‘பீட்டரில் ஈரம்’, ‘பற்றிக்கில் எலி’ என்றுதான் பேச்சு. என் பெயரில் ஒன்று இருக்கிறது. குணா. குளியலறை ஒன்றின் பின்னால். நாறும். வாயைத் திறந்து அதைப் பற்றிப் பெருமை பேச முடியாது.

இனித் தவமணி.

தவமணி துப்புரவு செய்யும் ஒப்பந்தக் கம்பனி ஒன்றில் வேலை. என்னைவிடச் சில வயது இளையவர். மனோர் பார்க்கில் வீடு. விடியற்காலையில் வந்து நிலவறைப் பகுதிகளைக் கூட்டித் துடைப்பார். அவருடைய கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். அதனால் வீட்டில் தவமணியின் சம்பளம் மட்டும்தான். எங்களைக் கண்டால், “என்ன அண்ணை, இண்டைக்கும் பொந்துக்குள்ளையோ?” என்று நக்கலடிப்பார். மத்தியானத்தில் சில நாட்கள் பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுவந்து தருவார். அந்த நிலவறையில் தமிழில் கதைக்க எனக்கிருந்த ஒரே ஆள் அவர்தான்.

அன்று செவ்வாய்க்கிழமை. மேலே, ஆற்றைப் பார்த்த பக்கத்தில் குழு அறைகள் வரிசையாக இருக்கும் நீண்ட நடைபாதை. அதில் ஒரு அறையிலிருந்து அவசர அழைப்பு வந்தது. எரிகிற மணம் வருகிறது, கூட்டம் தொடங்கப் போகிறது, உடனே வாருங்கள் என்றார்கள்.

நடந்து போனோம். அந்த அறை எங்களுக்குப் பழைய எதிரி. மாரியில் எவ்வளவு சூடாக்கினாலும் சூடேறாது. ரேடியேட்டரை மாற்றினோம், ஜன்னல் இடுக்குகளை அடைத்தோம், ஒன்றும் சரிவரவில்லை. எங்கிருந்தோ ஒரு குளிர்காற்று வந்துகொண்டே இருக்கும். எங்கிருந்து என்று கண்டுபிடிக்காதது ஹோல்டுக்குத் தீராத வயிற்றெரிச்சல்.

வாசலில் உறுப்பினர்கள் நின்றார்கள். “தேவாலய மணம்போல் இருக்கிறது,” என்றார் ஒரு அம்மையார். “சீனி கருகியதுபோல்,” என்றார் இன்னொருவர். ஹோல்ட் எல்லாரையும் தாழ்மையாக நடைபாதையின் கடைசிக்கு அனுப்பிவிட்டு, கதவைத் திறந்து எங்களை உள்ளே விட்டார்.

எனக்கு முதல் மூச்சிலேயே தெரிந்துவிட்டது. சாம்பிராணி. அதற்குள்ளே கற்பூரமும்.

ஹோல்ட் அதற்குள் முழங்காலில் இருந்தார். தாளை எடுத்துச் சுவரோரம் கொண்டுபோனார். கணப்படுப்புக்குப் பக்கத்தில், செதுக்கு வேலைப்பாடுள்ள மரப்பலகையின் கீழ் இடுக்கில் தாள் துடித்தது. அறைக்குள் நூறு தரம் தேடியிருக்கிறோம். பெரிய அலுமாரி ஒன்று எப்போதும் அந்த இடத்தை மறைத்து நிற்கும், அன்று கூட்டத்துக்காக அதை நகர்த்தியிருந்தார்கள். “இங்கே ஒரு ஷாஃப்ட் இருக்கிறது,” என்றார் திரும்பாமலே. “கீழே எங்கே திறக்கிறது? எங்கேயோ ஏதோ எரிகிறது. மணம் யாருக்காவது தெரிகிறதா?”

“கீழே போய்ப் பார்க்கிறேன்,” என்றேன் நான். கேட்டதற்கு அது பதில் இல்லை.

ஓடவில்லை. நடந்துதான் போனேன். ஆனால் நெஞ்சு ஓடியது. அந்த அரண்மனையில் வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்வது ஒன்று: தீக்குச்சி கொளுத்தினால் அன்றைக்கே வேலை போய்விடும். அதில் இரண்டாம் பேச்சு இல்லை.

துப்புரவுச் சாமான் வைக்கும் அறை நிலவறையின் ஒரு கோடியில் இருந்தது. கதவைத் திறந்தேன். மொப்புகளுக்கும் தாள் கட்டுகளுக்கும் பின்னால், சுவரில் சின்ன இரும்புக் கிராதி ஒன்று. அதன் கீழே சிறிய முருகன் படம். படத்தின் முன் ஒரு தகரப் பேணியில் தணல் மின்னியது. தவமணி கண்ணை மூடிக் கைகூப்பிக்கொண்டு நின்றார். புகை ஒரு இழைகூடச் சிந்தாமல் நேரே கிராதிக்குள் போய்க்கொண்டிருந்தது. கூரையில் இருந்த புகை உணர்கருவி வாயே திறக்கவில்லை.

“தவமணி! என்ன வேலை செய்யிறியள்?”

திடுக்கிட்டுத் திரும்பினார். “அண்ணை, இவருக்கு இண்டைக்கு ஒப்பரேசன். கிட்னி கிடைச்சிட்டுது எண்டு விடிய நாலு மணிக்குக் கோல் பண்ணிச்சினம். என்னாலை லீவு எடுக்க ஏலேல்லை. கோயிலுக்கும் போக ஏலேல்லை. அதுதான்…”

“நெருப்பு!”

“இந்த ஓட்டை நல்லா இழுக்குது அண்ணை. மணம் ஒண்டும் நிக்கிறேல்லை. எல்லாம் வெளியிலை போயிடும். செவ்வாய்க்கிழமையிலை ஒரு ஊதுபத்தி வைக்கிறனான், ஒருத்தருக்கும் தெரியாது.”

“வெளியிலை போகேல்லை. மூண்டு மாடி மேலை எம்பீமாற்றை அறைக்குள்ளை போகுது!”

நான் பேணியை எடுத்துத் தண்ணீர் வாளிக்குள் அமிழ்த்தினேன். சுர்ரென்று அணைந்தது. தவமணிக்கு முகம் வெளிறிவிட்டது.

“அண்ணை, எங்கையிருந்து எண்டு தெரியேல்லை எண்டு சொல்லிவிடுங்கோ. இனிச் செய்ய மாட்டன். சத்தியமா மாட்டன். எனக்கு வேலை போனால் என்ன செய்யிறது?”

நான் அந்தக் கிராதியைப் பார்த்தேன். சுற்றிலும் தாள் கட்டுகள், துணிகள், மெழுகுப் பேணிகள். இந்த அறை எப்போதாவது தற்செயலாகப் பற்றினால், உணர்கருவி கத்துவதற்கு முன் நெருப்பு மேலே போய்விடும். அது தெரிந்த ஒரே ஆள் நான். வாயை மூடிக்கொண்டால் தவமணியின் வேலை தப்பும். ‘கீழே ஏதோ எரிக்கிறார்கள்’ என்று சொன்ன அந்த அம்மாளும் யாரையோ சங்கடப்படுத்த விரும்பவில்லை.

“தவமணி, நான் சொல்லத்தான் வேணும். வாங்கோ, ரெண்டு பேரும் சேந்து போய்ச் சொல்லுவம். நான் உங்களுக்காகக் கதைக்கிறன்.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு, சத்தம் போடாமல் சொன்னார்: “எங்கடை ஆள் எண்டு நினைச்சன். காட்டிக் குடுக்கப் போறியள், என்ன?”

எங்கள் ஊரில், யுத்த காலத்தில், அந்தச் சொல் விழுந்தவன் உயிரோடு தப்பியதில்லை. இருந்தாலும் திரும்பி நடந்தேன்.

ஹோல்ட் நான் சொன்னதை முழுவதும் கேட்டார். யார் என்று முதலில் கேட்கவில்லை. “எந்தக் கிராதி?” என்றுதான் கேட்டார். கீழே வந்தார். தாளைக் கிராதியருகே கொண்டுபோனதும், அது அவர் விரலிலிருந்து பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. அந்த மனிதரின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. காணாமல் போன பட்டம் திரும்பக் கிடைத்த பிள்ளைபோல் நின்றார். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு, “யார்?” என்றார். சொன்னேன்.

அடுத்த நாள் விசாரணை. துப்புரவுக் கம்பனியின் மேலாளர் ஒரு பக்கம், தவமணி எதிரில், சாட்சியாக ஹோல்ட், மொழிபெயர்க்க நான். தவமணி வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் வந்திருக்க மாட்டேன். வேறு யாருமில்லை என்பதால் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டார். மேலாளர் விதியை வாசித்தார். முடிவு ஏற்கெனவே அவர் முகத்தில் இருந்தது.

ஹோல்ட் ஒரு கேள்வி கேட்க அனுமதி கேட்டார். “இந்த அம்மையாரிடம் கேள், குணா. புகை எங்கே போகிறது என்று நினைத்தார்?”

நான் கேட்டேன். தவமணி தலை நிமிராமலே சொன்னார்: “முருகனிட்டை.”

அப்படியே மொழிபெயர்த்தேன். மேலாளர் இருமினார். ஹோல்ட் சிரிக்கவில்லை. “அது ஒரு குழு அறைக்குப் போனது,” என்றார். “அந்த வழியை நான் பல வருடமாகத் தேடுகிறேன். என்னிடம் வரைபடம் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், கிடைக்கவில்லை. இவர் கண்டுபிடித்தார். அந்த வழி திறந்திருந்ததால் ஒரு நாள் இந்தக் கட்டடமே போயிருக்கலாம். இவர் விதியை மீறினார். அது பெரிய தவறு, தண்டியுங்கள். ஆனால் முதலில் நன்றி, பிறகு தண்டனை. அந்த வரிசையை மாற்ற நான் விடமாட்டேன்.”

பிறகு தவமணியின் பக்கம் திரும்பி, அந்தப் பழைய தீயின் கதையை, மரக்குச்சியில் தொடங்கி, சப்பாத்துக்கு அடியில் ஏறிய சூடுவரை, ஒரு சொல் விடாமல் சொன்னார்; சூடு கண்டால் ஓடாமல் நடந்து வந்து சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்தார். நான் வாய் வறள வறளத் தமிழில் சொன்னேன். “குணா வாயை மூடியிருந்தால், அந்த அம்மாளைப் போல் ஆகியிருப்பான்,” என்று முடித்தார். இந்த வரியை மொழிபெயர்க்கும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. தவமணி தலையை நிமிர்த்தவில்லை.

வேலை தப்பியது. கடைசி எச்சரிக்கை கொடுத்தார்கள். நிலவறையிலிருந்து எடுத்து மேல் மாடிக்கு மாற்றினார்கள். எந்த மேல் மாடி? அந்தக் குழு அறைகள் உள்ள நடைபாதைதான்! கணவருக்கு ஒப்பரேசனும் நல்லபடி முடிந்தது. முருகன் தன் கணக்கைச் சரியாகத்தான் பார்த்தார்.

ஆனால் தவமணி என்னோடு கதைப்பதை விட்டுவிட்டார். நடைபாதையில் எதிர்ப்பட்டால் சுவரைப் பார்த்தபடி போவார். பிட்டும் நின்றது, நக்கலும் நின்றது. மனோர் பார்க் கோயிலில் நாலு பேர் நாலு விதமாகக் கதைத்தார்கள், வெள்ளைக்காரனிட்டை எங்கடை பெட்டையைப் போட்டுக்குடுத்தவன் என்று. என் மனைவி சாந்தி அதைக் கேட்டுக்கொண்டு வந்து என் மேல் பாய்ந்தார்.

“நீங்கள் சட்டம் பாத்தியள், சரி. கோயில் தேர் அண்டைக்கு அவளின்ரை முகத்தை நான் எப்பிடிப் பாக்கிறது?”

“நெருப்பு எண்டால் சொல்லத்தானே வேணும்?”

“ஓம், ஓம். உங்களுக்கு அந்தக் கட்டடம்தான் பெண்சாதி.”

நான் செய்தது சரி என்று அன்றும் தெரியும், இன்றும் தெரியும். ஆனால் சரியைச் செய்துவிட்டுத் தனியாகச் சோறு தின்பது எப்படியிருக்கும் என்று அந்த நிலவறையில்தான் படித்தேன். மனசு நொந்துபோனது.

சில வாரங்களுக்குப் பிறகு அந்த ஷாஃப்டின் இரண்டு வாயையும் தீ தாங்கும் பலகையால் அடைத்தோம். சோதிக்க ஒரு சின்னக் கதவு மட்டும் விட்டோம். வேலை முடிந்து சாமான்களைக் கட்டும்போது, “இதன் பெயர் குணா நம்பர் டூ,” என்றான் பீட்டர். எல்லாரும் சிரித்தார்கள்.

“இல்லை,” என்றார் ஹோல்ட். “குணா அதனிடம் நடந்து போனான், அவ்வளவுதான். கண்டுபிடித்தது அந்த அம்மையார். அவர் பெயர் என்ன? மெதுவாகச் சொல்.”

மெதுவாகச் சொன்னேன். ஐந்தாறு ஆங்கில வாய்கள் அதைச் சப்பிப் பார்த்தன. அன்றிலிருந்து அது டாவாமானி. கம்பியும் பிளாஸ்டருமாகத் திரிகிற ஆட்கள் தினமும் உச்சரித்த அந்தப் பெயர் துப்புரவுக்காரர்களின் பக்கம் போகவே இல்லை. நான் போய்ச் சொல்லலாம். என்னோடு கதைக்காதவரிடம் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? ஹோல்ட் ஓய்வு பெற்றார், பிறகு காலமானார். தவமணி வேலையை விட்டுப் போனார். நானும் வந்துவிட்டேன். பெயர் மட்டும் அங்கே தங்கிவிட்டது.

இதையெல்லாம் எழுதி நித்யாவுக்கு அனுப்பினேன். அன்று மாலையே கோல். “அங்கிள், அவங்களுக்கு இன்னும் தெரியாதா? இது அநியாயம். வாங்க, நாளைக்கே போறோம்.” சென்னைப் பிள்ளைகளுக்கு எல்லாம் நாளைக்கே.

மறுநாள் மனோர் பார்க்கில் தவமணியின் வீட்டு மணியை அடித்தேன். கதவைத் திறந்தது அவருடைய கணவர், திடகாத்திரமாக, கையில் தோட்டக் கத்தரியோடு. உள்ளே தவமணி. தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்தார், நித்யாவைப் பார்த்தார். “இருங்கோ,” என்றார். அவ்வளவுதான்.

நித்யாதான் சொன்னார், ஒரே மூச்சில். இத்தாலிக்காரரைத் தேடியது, ஃபிட்டர்கள், பெயர், எல்லாம். தவமணி இமைக்காமல் கேட்டார்.

“இப்பவும் சொல்லினமோ?”

“தினமும் சொல்றாங்க ஆன்ட்டி. போன வாரம் கூட ‘டாவாமானில லைட் போட்டுட்டு வா’ன்னாங்க.”

“ஆரெண்டு தெரியாமலோ?”

“தெரியாமத்தான்.”

தவமணி எழும்பிக் குசினிக்குள் போனார். கணவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். தேத்தண்ணியோடு திரும்பி வந்த தவமணி, முதல் கோப்பையை என்னிடம் நீட்டினார்.

“அந்த வெள்ளை மனுசன் சொன்ன கதையை நான் மறக்கேல்லை அண்ணை,” என்றார். “மேலை மாத்தின நாளிலையிருந்து, அந்தப் புகை வந்த அறையைக் கூட்ட முதல், சப்பாத்தைக் கழட்டிப்போட்டு அந்தக் கணப்படுப்புக் கல்லிலை நிண்டு பாப்பன். சுடுதோ எண்டு. நான் கும்பிடுறன் எண்டு நினைச்சு மற்றப் பெட்டையள் சிரிப்பாளவை. வேலை விடுற நாள் மட்டும் ஒரு நாளும் விடேல்லை.”

“இதை ஏன் எனக்கு ஒரு நாளும் சொல்லேல்லை?”

“உங்களோடைதான் நான் கதைக்கிறேல்லையே!”

கணவர் வெடித்துச் சிரித்தார். நித்யாவும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. “சுட்டிருந்தால்?” என்று கேட்டேன்.

தவமணி என்னை நேராகப் பார்த்தார், அத்தனை வருடத்துக்குப் பிறகு முதல் தரம்.

“சுட்டிருந்தால் உங்களிட்டைத்தான் வந்து சொல்லியிருப்பன். வேறை ஆரிட்டைச் சொல்லுறது? ஓடியிருக்க மாட்டன், அண்ணை. நடந்துதான் வந்திருப்பன்.”